ஊசி இறங்கி நிற்கிறது

“நின்னுருச்சுங்கண்ணா.”

“எது?”

“எதுன்னு சொல்றது? லைனே நின்னுருச்சு.”

வெள்ளியங்கிரி அப்போதுதான் டூல்ஸ் பையைத் தோளிலிருந்து இறக்கியிருந்தார். பனியன் கம்பெனியின் மூன்றாம் லைனில், நாலாவது தையல் மெஷினில் இருந்த பேபி, வாயில் பாதி முறுக்கோடு திரும்பிச் சொன்னாள். அவள் அந்த முறுக்கை விழுங்குவதற்குள் மெஷின்கள் தாமாகவே மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டன. வரிசையே ஒன்றாக நின்று ஒன்றாக ஓடுவதை, முப்பது வருஷ மெக்கானிக் வேலையில், கரண்ட் போய் வரும்போது மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார். இப்போது கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

“நீ பெடல்ல இருந்து காலை எடுத்தியா அம்மிணி?”

“எடுக்கலீங். மிதிச்சுட்டேதான் இருந்தேன். அது பாட்டுக்கு நின்னுது, அது பாட்டுக்கு ஓடுது. எங்கூட்டு டிவி கூட இப்புடித்தான். தலையில ஒண்ணு போட்டா சரியாயிரும். போட்டுப் பாருங்களேன்.”

“முதல்ல வாயில இருக்கறத முழுங்கு. வேலை நேரத்துல என்ன முறுக்கு?”

“கொடுக்கறாங்க, திங்கறேன். கொடுத்ததை வேண்டாங்கறது எங்க குலத்துலயே இல்லீங்கண்ணா.”

லைன் சிரித்தது. வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் நந்தகோபால் கையாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நந்தகோபால் முதலாளியின் மருமகன். முப்பது வயது. பெரியவர்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவான், ஆனால் அந்த அண்ணாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு உத்தரவு நிற்கும்.

“முந்தி எப்பவாச்சும்தான் நின்னுது. நேத்து மட்டும் அறுபத்திரண்டு தடவை அண்ணா. பத்து செகண்டு, பதினஞ்சு செகண்டு. நிக்குது, தானா ஓடுது. எரர் கோடு ஒண்ணும் காட்டல. பக்கத்து லைன் அத்தனையும் அதே மோட்டார், அதே செட்டிங். ஒண்ணும் பிரச்சினை இல்லை.”

“மோட்டார் புதுசுதானுங்களே.”

“மூணு மாசம்! கால் பதிவு மோட்டார். திருப்பூர்லயே நாமதான் முதல்ல போட்டோம். கைதேர்ந்த டெய்லர் பெடலை எப்படி மிதிப்பாங்களோ, எங்க வேகம் எடுப்பாங்க, எந்த வளைவுல குறைப்பாங்க, எல்லாம் உள்ள இருக்கு. நேத்து ரயில்ல வந்து இறங்கின பொண்ணு தாறுமாறா மிதிச்சாலும் தையல் கோடு போட்ட மாதிரி வருது.”

“அதனாலதான ஏ கிரேடு டெய்லர்ங்கற பேரையும் அந்தக் கூலியையும் எடுத்துட்டீங்க.”

“அது வேற பேச்சு அண்ணா.” நந்தகோபால் கதவைச் சாத்தினான். “எனக்குத் தோணுறதைச் சொல்றேன். இது மோட்டார் இல்லை. லைன்ல யாரோ பின்தங்கறாங்க, அதை மறைக்க யாரோ விளையாடறாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு எனக்குப் பழுதைக் காட்டுங்க. இல்லாட்டி ஆளைக் காட்டுங்க. ஆளுன்னா இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்.”

வெள்ளியங்கிரி பழுதைத் தேடப் போனார். பழுது என்றால் அவருக்குப் பயமில்லை. எங்கேயாவது இருக்கும், தேடினால் கிடைக்கும். ஆளைத் தேடித்தான் அவருக்குப் பழக்கமில்லை.

ஐந்தாவது மெஷின்காரி லீவு. அந்த இடத்தில் அவரே உட்கார்ந்து வேஸ்ட் துணியை ஓட்டிப் பார்த்தார். பெடல் சென்சாரைக் கழற்றி வேறு மாட்டினார். ஐந்தாவது மோட்டாரை எடுத்து ஒன்பதில் போட்டு, ஒன்பதை ஐந்துக்குக் கொண்டுவந்தார். கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து பிளக்குகளை ஊதினார். எர்த் பார்த்தார். பிறகு உட்கார்ந்து மிதித்தார். சர்ரென்று ஓடியது. பாதித் துணியில் நின்றது. காலை முன்னால் அழுத்தியபடியேதான் இருந்தார். இன்னும் அழுத்தினார். கல்லு மாதிரி நின்றது. பிறகு அவர் ஒன்றும் செய்யாமலேயே ஓடியது.

“என்னங்கண்ணா, உங்க பேச்சும் கேக்க மாட்டேங்குதா?” என்றாள் பேபி.

“நீ உன் வேலையப் பாரு.”

“என் வேலையும்தான நின்னு போச்சு. எதைப் பாக்கறது?”

மூன்றாவது தடவை நின்றபோதுதான் அவர் குனிந்து பார்த்தார். ஊசி துணிக்குள் இறங்கியிருந்தது. எழுந்து போய்ப் பேபியின் மெஷினைப் பார்த்தார், அதிலும் இறங்கியிருந்தது. ஆறாவதிலும், ஏழாவதிலும் அப்படியேதான்.

கெட்டுப்போன மோட்டார் கண்ட இடத்தில் நிற்கும். ஊசி மேலே நிற்கும், நடுவில் நிற்கும், நூலை அறுத்துக்கொண்டு நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. துணி நழுவாமலிருக்க ஊசியை உள்ளே இறக்கிவிட்டு, பக்கத்தில் ஒருத்தி ஏதோ கேட்க, இரு வர்றேன் என்று தலையைத் திருப்புகிற நல்ல டெய்லர் எப்படி நிறுத்துவாளோ, அப்படி நின்றிருந்தது.

“இது நின்ன மாதிரி இல்லையே,” என்று அவர் வாய்விட்டே சொன்னார். “எதுக்கோ நிக்கற மாதிரியில்ல இருக்குது?”

பேபி இந்தத் தடவை வாயாடாமல், அறுந்துபோகாத நூலை மறுபடி கோத்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவருக்குப் புதிதாக இருந்தது.

மெஷின்களை எல்லாம் ஒரு சாம்பல் நிற வயர் கோத்துக்கொண்டு போனது. யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று மேனேஜர் அறைக்குச் சொல்லுகிற வயர். ஐந்தாவது மெஷினில் அதைப் பிடுங்கிவிட்டு மிதித்தார். லைன் நின்றபோதும் இவருடையது நிற்காமல் ஓடியது. சொருகினார். அடுத்த தடவை இதுவும் நின்றது. ஆக, வயர் வழியாக ஏதோ வருகிறது. எங்கிருந்து வருகிறது?

கடைசியிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார். பன்னிரண்டாவதைப் பிடுங்கிப் பார்த்தார், லைன் நின்றது. அதைச் சொருகிவிட்டுப் பதினொன்றைப் பிடுங்கினார்.

லைன் நிற்கவே இல்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். தையல் சத்தம் மழை மாதிரி ஒரே சீராகப் பெய்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் பதினோராவது மெஷினின் முன்னால் பார்த்தார்.

அங்கே பீஸ் குவிந்துகொண்டிருந்தது. பத்தாவதிலிருந்து சஸ்மிதா என்கிற ஒடிசாப் பெண் ஒன்று முடித்துத் தள்ளினால், இவள் முந்தினதையே இன்னும் மடித்துக்கொண்டிருந்தாள். பனியன் அடிப்பகுதியை மடித்துத் தைக்கிற வேலை. மடிப்பைப் பிடிக்க வேண்டிய வலது கட்டைவிரல் மூட்டு, சுட்ட வெங்காயம் மாதிரி வீங்கியிருந்தது. விரலால் முடியாமல் உள்ளங்கையால் துணியை நீவி நீவி மடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. குவியல் இருபதைத் தாண்டியது.

சாந்தாமணி. பழைய யூனிட்டிலிருந்து வந்தவள், இந்த லைனிலேயே மூத்தவள். ஐம்பத்திரண்டு வயது.

அவர் வாயைத் திறப்பதற்குள் பேபி எழுந்து வந்தாள். தரையில் கிடந்த வயரை எடுத்துப் பதினோராவது பெட்டியில் சொருகினாள். வந்த வழியே போய் உட்கார்ந்தாள்.

“ஏனம்மிணி, மெக்கானிக்கு நானா, நீயா?”

“வயரு வழியில கெடந்தது. யாராச்சும் தடுக்கி உளுந்துட்டா?” என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

லைன் நின்றது. அந்த அமைதியில் பதினோராவது மட்டும் தடக், தடக் என்று ஓடிக் குவியலைக் கரைத்தது.

வெள்ளியங்கிரி மாடிப்படி மூலைக்குப் போய் மோட்டார் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்தது சென்னைப் பேச்சுக்காரப் பெண்.

“சார், உங்க லைன் டேட்டாவைத்தான் பாத்துட்டிருக்கேன். ரொம்ப இண்ட்ரஸ்டிங். இது பழுது இல்ல சார். பழக்கம்.”

“யாரு பழக்கம்?”

“பதிவு கொடுத்த டெய்லரோடது. கால் மட்டும்தான் பதிஞ்சோம்னு நெனச்சோம். ஆனா அவங்க பக்கத்து மெஷின் தடுமாறி நின்னா, இவங்களும் நிறுத்தியிருக்காங்க. அது மறுபடி ஓடினதும் ஓட்டியிருக்காங்க. ஒரு மாசம் முழுக்க. நாங்க அதை ரெஸ்ட் எடுக்கறாங்கன்னு விட்டுட்டோம். மோட்டார் விடல. இப்ப வயர்ல எந்த மெஷின் தடுமாறினாலும் மத்ததெல்லாம் காத்திருக்குது.”

“மத்த லைன்ல ஏன் நிக்கல?”

“அங்க யாரும் இந்த அளவுக்குத் தடுமாறல போல, சார்.”

“பதிவு கொடுத்தது யாருங்க?”

“பேரெல்லாம் எங்ககிட்ட இருக்காது. டோக்கன் நாலு ஒண்ணு ஏழுன்னு இருக்கு. உங்க கம்பெனியோட பழைய யூனிட்தான்.”

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. சாந்தாமணி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடது கையால் டிபன் மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாங்கித் திறந்து கொடுத்தார்.

“பழைய யூனிட்ல உங்க டோக்கன் நம்பர் என்னங்?”

“நானூத்திப் பதினேழு. ஏனுங்கண்ணா?”

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

“உங்க கால்ல எப்பவாச்சும் ஏதாச்சும் கட்டித் தைக்கச் சொன்னாங்களா?”

“ஆமா, மூணு வருசம் இருக்கும். கணுக்கால்ல பட்டை மாதிரி ஒண்ணு கட்டி விட்டாங்க. ஒரு மாசம். எப்பவும் தைக்கற மாதிரியே தைங்க, வித்தியாசமா ஏதாச்சும் பண்ணுனா மட்டும் சொல்லுங்கன்னாங்க. கடைசியில காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தாங்க. அது மூடி இப்பச் சேரவே மாட்டேங்குது. எதுக்குக் கேக்கறீங்க?”

“அப்ப உங்களுக்குப் பக்கத்து மெஷின்ல யாரு?”

“லோகநாயகி. நான் தெச்சுத் தள்ளறது அவகிட்டத்தான் போகும். ஏழு மாசம் வயித்துல. கால் ரெண்டும் யானைக்கால் மாதிரி வீங்கிக் கெடந்தா. ஒரு பீஸ் தெச்சா ரெண்டு நிமிசம் மூச்சு வாங்குவா. அவ முன்னாடி குவிஞ்சுதுன்னா சூப்பர்வைசர் பேசற பேச்சைக் காது கொண்டு கேக்க முடியாது. அதனால அவ நிறுத்துனா நானும் நிறுத்திக்குவேன். பீஸ் குவியாதுல்ல?”

“அதை அவங்ககிட்டச் சொன்னீங்களா? வித்தியாசமாப் பண்ணுனாச் சொல்லச் சொன்னாங்களே?”

சாந்தாமணி அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

“இதுல என்னங்கண்ணா வித்தியாசம்? சோறு திங்கறப்பத் தண்ணி குடிச்சேன்னு யாராச்சும் சொல்லிட்டு இருப்பாங்களா?”

அவர் சொன்னார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓடுவது யார் கால் என்று. அவள் சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே நின்றது.

“இருங்கண்ணா. அப்போ பேபி மெஷினுக்குள்ள?”

“நீங்கதான்.”

“சஸ்மிதா மெஷினுக்குள்ள?”

“அதுலயும் நீங்கதான்.”

“எனக்குப் புரியலீங்களே. என் மெஷினுக்குள்ளயும் நானு. எனக்காக நிக்கறதும் நானு. அப்பறம் தைக்க முடியாம ஒக்காந்திருக்கறது யாரு?” அவள் தன் செருப்புக் காலைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. “அட ஆண்டவா! எனக்காகத்தான் நிக்குதுன்னு தெரியுங்கண்ணா. யாரு நிறுத்தறாங்கன்னுதான் தெரியல. பேபியாத்தான் இருக்கும்னு நெனச்சு, மூணு மாசமா அவளுக்குத் தினம் ஒரு முறுக்கு கொடுத்துட்டு இருக்கேன்!”

வெள்ளியங்கிரியும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வெகுநேரம் தங்கவில்லை.

“மேனேஜர் சாயங்காலம் பழுதைக் கேப்பாருங்க. இல்லாட்டி ஆளைக் கேப்பாரு.”

“ஆள் நாந்தானுங்களே,” என்றாள் அவள். “நீங்க எதுக்குப் பொய் சொல்லோணும்? சொல்லிருங்க.” டிபனை மூடினாள், சாப்பிடவில்லை. “இந்தக் கேட்டைத் தாண்டுனா இந்த வெரலை வெச்சுட்டு வேற எந்தக் கேட்டுலயும் உள்ள விட மாட்டாங்க. இருபத்தாறு வருசம் தெச்சுட்டேன். இனி பகல் முச்சூடும் எங்கூட்டுக்காரரு மூஞ்சியத்தான் பாத்துட்டு ஒக்காந்திருக்கோணும். அவரு பாவம், அவருக்கும் அது கஷ்டம்தான்.”

சொல்லுவதா வேண்டாமா என்று அவர் முடிவெடுப்பதற்கு முன்பே, அந்தச் சென்னைப் பெண் மேனேஜருக்கு மெயில் அனுப்பிவிட்டிருந்தாள். மூன்று மணிக்கு நந்தகோபால் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

“பாத்தீங்களா அண்ணா, மோட்டார் இரக்கப்படுதாம்! யாரோ ஒருத்தருக்காக அத்தனை பேரும் நிக்கறோம். யாருன்னு இதுல இல்லை. பரவால்ல. அந்தப் பழக்கத்தை அழிச்சுருங்க. வயரையும் மொத்தமாக் கழட்டிருங்க. அப்பறம் ஓட்டட்டும். யார் முன்னாடி குவியுதோ, அவங்கதான் ஆளு.”

வெள்ளியங்கிரி அழித்தார். போனில் அந்தப் பெண் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெட்டியிலும் பட்டனை அழுத்திப் பிடித்தார். ஒவ்வொன்றிலும் பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. பதினோராவதில் குனிந்தபோது சாந்தாமணி மெல்லக் கேட்டாள்.

“போயிருச்சுங்களா?”

“ம்.”

“எனக்கு வலிக்கற மாட்டம் இருக்குது. எதுக்குன்னுதான் தெரியல.”

பிறகு சாம்பல் நிற வயரைச் சுருட்டி மேஜை மேல் வைத்தார். லைன் ஓடியது. நந்தகோபால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் மெஷினிலிருந்து நடந்தான். இரண்டு. மூன்று. பதினொன்றின் முன்னால் நாலு பீஸ். ஆறு. அவன் ஏழாவது மெஷினைத் தாண்டினான். ஒன்பது பீஸ்.

லைன் நின்றது.

யாருடையது முதலில் நின்றது என்று வெள்ளியங்கிரியால் சொல்ல முடியவில்லை. பதினொன்றைத் தவிர எல்லாம். சத்தம் அறுந்ததும் நந்தகோபால் திடுக்கிட்டுத் திரும்பி முதல் மெஷினுக்கு ஓடினான். அங்கே விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. ஊசி துணிக்குள் இறங்கியிருந்தது. அவன் திரும்பி வருவதற்குள் லைன் ஓடிக்கொண்டிருந்தது. எந்த மெஷின் முன்னாலும் எதுவும் குவிந்திருக்கவில்லை.

“அழிச்சாச்சுன்னு சொன்னீங்க?”

“அழிச்சாச்சுங்க.”

“வயர்?”

“இதோ, சுருட்டி வெச்சிருக்கறேன்.”

“அப்போ யாரு நிறுத்துனது?”

“நாங்க எங்கீங் நிறுத்துனோம்?” என்றாள் பேபி. “மிதிச்சுட்டேதான இருக்கறோம். பாருங்க, காலு பெடல் மேலதான இருக்குது.”

“மோட்டார் கராப், சார், கெட்டுப்போச்சு,” என்றாள் சஸ்மிதா. வெள்ளியங்கிரி அவள் முகத்தையே பார்த்தார். பேபி நடிப்பாள், அது ஊருக்கே தெரியும். இந்தப் பெண்ணுக்கு நடிக்கத் தெரியாது. அவள் நிஜமாகவே திகைத்துப்போயிருந்தாள்.

மறுபடி நின்றது. மறுபடி ஓடியது. நந்தகோபால் வெள்ளியங்கிரியின் கையைப் பிடித்தான்.

“நான் இவங்க யாரையும் நம்பல. உங்களை நம்பறேன். அஞ்சாவதுல ஒக்காருங்க. வயர் இல்லை, பதிவுல அந்தப் பழக்கம் இல்லை. நீங்களே ஓட்டுங்க. உங்களுது நிக்கலைன்னா இவங்க கூடிப் பேசிப் பண்றாங்க. அத்தனை பேரும் வெளிய.”

லைன் முழுக்கக் காதாகிவிட்டது. வெள்ளியங்கிரி உட்கார்ந்தார். பொய் சொல்லக் கூடாது, அதுவும் மெஷின் விஷயத்தில் ஒருநாளும் சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டார். அத்தனை பேருடைய வேலையும் தன் கால் பெருவிரலில் தொங்குகிறது என்றும் நினைத்தார். இரண்டும் சேர்ந்து தலைக்குள் ரீங்காரமிட்டன. சுற்றிலும் லைன் ஓட, அவரும் வேஸ்ட் துணியைச் செருகி மிதித்தார். நேராக ஓட்டினார். திருப்பினார். மறுபடி நேராக. துணியை மட்டுமே பார்த்தார். மனதுக்குள் ஒரு எண்ணமும் இல்லாமல் பார்த்தார்.

பாதித் துணியில் நின்றது.

“நீங்க நிறுத்துனீங்களா?” லைனும் நின்றுவிட்ட அந்த அமைதியில் நந்தகோபால் கேட்டான்.

“இல்லீங்க.”

“சத்தியமா?”

“சத்தியமா நான் நிறுத்தலீங்க.” அது உண்மை. அவருக்குத் தெரிந்து அது முழு உண்மை.

நந்தகோபால் ஒருகணம் அந்த மோட்டாரையே வெறித்துப் பார்த்தான். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு நடந்தான். “என்ன மோட்டாருங்க வித்திருக்கீங்க? அழிச்சா அழியணும்ல? நாளைக்கே ஆளை அனுப்புங்க, எல்லாத்தையும் கழட்டிட்டுப் போங்க!” கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளியங்கிரி வேஸ்ட் துணியை ஓட்டி முடித்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று பார்த்தார். மெஷின் ஓடவில்லை. முன்னாலும் பின்னாலும் எல்லாரும் தைத்துக்கொண்டிருக்க, அவருடையது மட்டும் ஊசியை இறக்கிக்கொண்டு நின்றது. விளக்கு பச்சை. பிளக் சரி. என்ன கோளாறோ என்று மேஜைக்கு அடியில் குனிந்தார்.

பெடலின் மேல் அவருடைய செருப்பு இருந்தது. முன்னால் அழுத்தவில்லை, பின்னாலும் அழுத்தவில்லை. நடுவில், நிறுத்திவைக்கிற இடத்தில், ஓய்வாக இருந்தது. அது எப்போது அங்கே வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. யாருடைய காலோ என்று பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் மெஷினிலிருந்து பேபி, திரும்பாமலே சொன்னாள்.

“மிதிங்கண்ணா. அக்கா முடிச்சுட்டாங்க.”